மேசையில் ஓர் ஓரம்

காலை ஏழரை மணிக்குக் கண்ணாடி அறையில் இருந்தவர்கள்:

மேலாளர். எங்கள் பார்சல் கிடங்கில் அவருக்குப் பெயர் கடிகாரம். பேசும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க மாட்டார், தன் மணிக்கட்டைப் பார்ப்பார்.

கொள்முதல் அதிகாரி. என் அண்ணன் மனைவி. வீட்டில் அண்ணி, கிடங்குக்குள் மேடம். இந்த விதியை முதல் நாளே அவர்தான் போட்டார். வீட்டில் நான் "நீ". கிடங்குக்குள் "நீங்க".

வேறொரு கம்பெனியின் டிஸ்க்கை விற்க வந்தவர். டை கட்டியிருந்தார். எங்கள் கிடங்கில் டை கட்டிக்கொண்டு யாரும் பார்சல் ஓடும் பெல்ட் பக்கம் போக முடியாது, சிக்கிக்கொள்ளும். அதனால் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

மிஷின் அக்கா. பதினோராம் மேசை. இருபத்திரண்டு வருடமாக லேபிள் ஒட்டுகிறார். கைக்கும் வாய்க்கும் ஒரே வேகம். அவரை யாரும் கூப்பிடவில்லை. ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகாமல் நான்தான் பிடித்து நிறுத்தி வைத்திருந்தேன்.

நான். ஆந்தை என்பார்கள். ஏழு வருடமாக இரவு ஷிஃப்ட். கணினிப் பொறியியல் மூன்றாம் வருடத்தோடு நின்றவன். ஏன் நின்றாய் என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறேன். எதுவும் பொய் இல்லை, எதுவும் முழுசாகவும் இல்லை.

இவர்களைத் தவிர மேசைமேல் ஒரு காகிதம் இருந்தது. தரம் குறைந்த டிஸ்க்குகள் வாங்கிய பொறுப்பை ஏற்றுக் கொள்முதல் அதிகாரி வேலையிலிருந்து விலகுகிறார், நாற்பத்தெட்டு டிஸ்க்குகளும் திருப்பி அனுப்பப்படுகின்றன என்று அதில் இரண்டே வாக்கியம். கீழே கடிகாரத்தின் கையெழுத்து, பக்கத்தில் அண்ணி கையெழுத்துப் போட வெற்றிடம். ஒன்பது மணிக்குள் அது தலைமை அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். பேனாவை மூடி கழற்றி, காகிதத்துக்குப் பக்கத்தில் சரிசமமாக வைத்திருந்தார் கடிகாரம்.

"உன்னை யார் கூப்பிட்டா?" என்றார் என்னைப் பார்க்காமல்.

"யாரும் கூப்பிடல சார். டிஸ்க் நல்லா இருக்கு. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் நன்றி எதுவும் இல்லை. "நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார். வீட்டில் அதைச் சொல்லியிருந்தால் போயிருப்பேன்.

விஷயம் இதுதான். எங்கள் கிடங்குக்கு வரும் பார்சல்களில் ஒட்டியிருக்கும் பார்கோடு பல சமயம் நனைந்திருக்கும், கிழிந்திருக்கும். அப்படிப்பட்டவை பெல்ட்டில் எங்கள் மேசைகளுக்கு வரும். கையால் எழுதிய முகவரியில் இரண்டு சொல்லைத் தட்டினால் கணினி தன் டிஸ்க்கில் தேடி முழு முகவரியையும் எடுத்துக் கொடுக்கும், புது லேபிள் அச்சாகும், ஒட்டித் தள்ளிவிடுவோம். ஒரு பார்சலுக்கு நான்கு நொடி. பெல்ட் யாருக்காகவும் நிற்காது. நான்கு நொடிக்குள் லேபிள் வராவிட்டால் பார்சல் கையைத் தாண்டிப் போய்க் கடைசியில் உள்ள கம்பிக் கூண்டில் விழும். அதற்கு அனாதைக் கூண்டு என்று பெயர். அங்கே விழுந்த பார்சல் மறுநாள்தான் கிளம்பும். அதில் மருந்து இருக்கலாம், பரீட்சைக்கு வேண்டிய சான்றிதழ் இருக்கலாம்.

மூன்று வாரத்துக்கு முன் நாற்பத்தெட்டு மேசைக் கணினிகளுக்கும் புது டிஸ்க் மாற்றினோம். பழையவை தேய்ந்துபோயிருந்தன. அண்ணி பத்து நாள் உட்கார்ந்து படித்து, ஆளைப் பிடித்து, வாங்கியவை. மாற்றிய மறுநாளே கணினிகள் திக்கத் தொடங்கின. முகவரியைத் தட்டுவோம். திரை அப்படியே உறைந்து நிற்கும். மூன்று நொடி, ஐந்து நொடி. பார்சல் நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தாண்டிப் போகும். அனாதைக் கூண்டில் முன்பு ஒரு ராத்திரிக்கு இருபது விழும். இப்போது அறுநூறு. கூண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கூண்டு வைத்தார்கள். அதுவும் நிரம்பியது.

டிஸ்க் மட்டம் என்று எல்லோரும் சொன்னார்கள். இரவு ஷிஃப்டில் நாற்பத்தேழு பேர் சொன்னோம். நானும் சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், அண்ணி வைத்துவிட்டுப் போன சாப்பாட்டைச் சாப்பிட்டுத் தூங்கினேன். நேற்று அண்ணன்தான் போன் பண்ணினான். அவன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் இருபது நாள் வண்டியில்தான். "உன் அண்ணி வேலை போகப் போகுதாம். உனக்குக் கம்ப்யூட்டர் தெரியும்னு இத்தனை வருஷமா ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேன். தெரியுமா, தெரியாதா?" என்றான். பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டான்.

தெரியும். அதைத்தான் கடிகாரத்திடம் சொன்னேன்.

"எனக்குப் பத்து நிமிஷம் கொடுங்க."

"அஞ்சு."

"ஒரு கிடங்குன்னு வைங்க சார். நம்ம கிடங்கு மாதிரியே. எந்தச் சரக்கு எந்த அலமாரியில இருக்குன்னு ஒரு பட்டியல் வேணும்ல? சில டிஸ்க்குல அந்தப் பட்டியலை விரிச்சு வைக்க உள்ளேயே ஒரு குட்டி மேசை உண்டு. அதாவது சொந்த மெமரி. மேடம் வாங்கினதுல அது கிடையாது. பட்டியலைக் கடைசி அலமாரியில மடிச்சு வெச்சிருக்கும். ஒவ்வொரு தடவையும் அங்க நடந்து போய், பிரிச்சுப் பார்த்து, மடிச்சு வெச்சிட்டு, அப்புறம்தான் சரக்கைத் தேடிப் போகும்."

"பார்த்தீங்களா?" என்று டை கட்டியவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நான் சொன்னதையே சொல்றாரு. எங்க டிஸ்க்குல சொந்த மெமரி இருக்கு."

"இருங்க. பாதிக் கதையிலேயே எழுந்து போகாதீங்க. கணினிக்கு ஒரு பெரிய மேசை இருக்கு. அதோட மெமரி. அதுல ஒரு ஓரத்தை இந்த டிஸ்க் இரவல் கேக்கும். கொடுத்தா, பட்டியலை அங்க விரிச்சு வெச்சுக்கும். நடையே கிடையாது. இந்த டிஸ்க்கைச் செஞ்சவன் அதை நம்பித்தான் செஞ்சிருக்கான். மேடமும் அதைப் படிச்சுட்டுத்தான் வாங்கியிருக்காங்க. நம்ம கணினிதான் ஓரத்தைக் கொடுக்க மாட்டேங்குது."

"ஏன் கொடுக்க மாட்டேங்குது?"

"யாரோ ஒரு முட்டாள் கொடுக்காதேன்னு உள்ள எழுதி வெச்சிருக்கான்."

இதைச் சொல்லும்போது எனக்கு நல்ல திருப்தியாக இருந்தது. பகல் ஷிஃப்டில் கணினி பார்க்கிறவன் ஒருவன் உண்டு. பட்டம் வாங்கியவன். அவன் முகத்தை நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

கடிகாரம் முதல்முறையாக மணிக்கட்டிலிருந்து கண்ணை எடுத்தார். "இருக்கிற மெமரியை டிஸ்க்குக்குக் கொடுத்துட்டா கணினிக்கு என்ன மிச்சம்? ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதையாகிடும்."

அண்ணி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினார். அண்ணன் வீட்டு மாடி அறையில் நான் ஏழு வருடமாக ஒண்டியிருக்கிறேன். அந்தப் பழமொழி எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஒருவர் முன்னால் ஒருவர் சொன்னதில்லை.

"விரட்டாது சார். கணினிகிட்ட எட்டாயிரம் பங்கு மெமரி இருக்குன்னா டிஸ்க் கேக்கறது அறுபத்துநாலு. பெரிய ஹால்ல ஒரு பாய் விரிக்கிற இடம். கொடுக்கறவனுக்குக் கொடுத்ததே தெரியாது. வாங்கிக்கறவனுக்குத்தான் அது பிழைப்பு."

"கரண்ட் போனா மெமரியில இருக்கறது அழிஞ்சுடும்" என்றார் டை கட்டியவர். "பட்டியலே போயிடும், அப்புறம் டிஸ்க்கும் போயிடும்."

"அழியறது நகல். அசல் பட்டியல் டிஸ்க்குக்குள்ளேயே பத்திரமா இருக்கு. மேசையைத் துடைச்சா அலமாரி காலியாயிடுமா? உங்க டிஸ்க் நல்ல டிஸ்க்தான் சார், நான் குறை சொல்லல. எங்களுக்கு அது வேண்டியதில்லை. அவ்வளவுதான்."

மிஷின் அக்கா கொட்டாவியை அடக்காமல் விட்டார். "பேசிப் பேசிப் பொழுதே போயிடும் போல. பெல்ட்டைப் போடுங்க. ஓடினா ஓடுது, ஓடலேன்னா நான் வீட்டுக்குப் போறேன். எனக்குக் கால் கடுக்குது."

காலை ஏழிலிருந்து மதியம் ஒன்றுவரை எங்கள் பெல்ட்டுகளுக்கு ஓய்வு. லாரிகள் மதியம்தான் வரும். கடிகாரம் கீழே போன் பண்ணி மூன்றாம் பெல்ட்டை மட்டும் ஓட்டச் சொன்னார். எல்லோரும் இறங்கினோம், டை கட்டியவர் டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். நான் அனாதைக் கூண்டிலிருந்து அறுபது பார்சலை எண்ணி வண்டியில் போட்டுக்கொண்டு வந்தேன்.

முதலில் பதினோராம் மேசை. மிஷின் அக்காவின் சொந்த இடம். நாற்காலியின் கையில் அவர் கட்டி வைத்த துணி, மானிட்டரின் ஓரத்தில் அவர் ஒட்டி வைத்த பழைய லேபிள்கள். பெல்ட் ஓடியது. அக்கா தட்டினார், ஒட்டினார், தள்ளினார். எட்டாவது பார்சலில் திரை உறைந்தது. "நின்னுட்டார் துரை" என்றார் அக்கா. பார்சல் போய்விட்டது. அறுபதில் பத்தொன்பது தப்பிப் போயின. அண்ணி ஒவ்வொன்றாக எண்ணி ஒரு சீட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாவது கோட்டைக் குறுக்காக இழுத்து மூன்று கட்டு, மிச்சம் நான்கு தனி. வீட்டில் எங்கள் துணியைச் சலவைக்குப் போடும்போதும் அப்படித்தான் எழுதுவார்.

அடுத்தது பயிற்சி மேசை. இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மேசைக் கணினிகளில் யாரும் எதையும் மாற்ற முடியாது, எல்லாம் பூட்டு. ஒரு கணினியில் ஒரு மாற்றம், இன்னொன்றில் வேறு மாற்றம் என்று ஆகிவிட்டால் ஷிஃப்ட் மாறி உட்காருகிறவன் திண்டாடுவான். அதனால் தாய் டிஸ்க் என்று ஒன்று இரும்பு அலமாரியில் இருக்கிறது. மாற்றம் எதுவானாலும் அதில்தான். பிறகு அதிலிருந்து எல்லாவற்றுக்கும் நகல். நாற்பத்தெட்டும் அதன் பிள்ளைகள், முகஜாடை மாறாது. புது ஆட்கள் பழகும் பயிற்சி மேசைக்கு மட்டும்தான் பூட்டு இல்லை. டிஸ்க் அதே டிஸ்க், நகல் அதே நகல். நேற்று ராத்திரி சாப்பாட்டு இடைவேளையில் அங்கே உட்கார்ந்துதான் நான் கண்டுபிடித்தேன். உள்ளே ஓரிடத்தில் பூஜ்யம் என்று இருந்தது. இரவல் கிடையாது என்று அர்த்தம். அதை மாற்றிவிட்டுக் கணினியை அணைத்துப் போட்டேன். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

அதே அறுபது பார்சல். அக்கா உட்கார்ந்தார். நாற்காலி உயரம் சரியில்லை என்று திட்டினார். பெல்ட் ஓடியது.

திரை நிற்கவில்லை. இருபதாவது பார்சலுக்கு மேல் அக்கா பேசுவதை நிறுத்திவிட்டார். அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. கை மட்டும் போய்க்கொண்டிருந்தது, லேபிள் எந்திரம் விடாமல் சரசரத்தது. நாற்பதாவது தாண்டும்போது அடுத்த பார்சலுக்காக அவர் கை காத்துக்கொண்டு நின்றது. அறுபதில் இரண்டு தப்பின. ஒன்றில் மை மொத்தமும் கரைந்துபோயிருந்தது. இன்னொன்றின்போது அக்கா தும்மினார்.

"தும்மலையும் டிஸ்க் தலையில போட்டுடுங்க" என்றார் அக்கா.

கடிகாரம் மோவாயைத் தடவினார். "இந்தக் கணினியை யாரும் அதிகமா உபயோகிக்கறதில்ல. புதுசு மாதிரி இருக்கும். அதனால ஓடுது."

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். வராவிட்டால் நானே கேட்டிருப்பேன். அவர் கண் முன்னாலேயே அந்த இடத்தைத் திறந்து மறுபடி பூஜ்யம் போட்டேன். கணினியை அணைத்துப் போட்டேன். அதே பார்சல், அதே அக்கா, அதே சரியில்லாத நாற்காலி. பதினேழு தப்பின. மறுபடி மாற்றினேன். ஒன்று தப்பியது. கோடு போட்ட சீட்டை அண்ணி கடிகாரத்தின் கையில் கொடுத்தார். அவர் அதை மேலிருந்து கீழே பார்த்தார், கீழிருந்து மேலே பார்த்தார். டை கட்டியவர் போனை எடுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனார்.

மணி எட்டேகால்.

"சரி" என்றார் கடிகாரம். "டிஸ்க் ஓடுது. ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது? டிஸ்க்கோடயே வந்திருந்தா, சோதிச்சுப் பார்க்காம வாங்கினது மேடம் தப்புதான். மூணு வாரம், பன்னிரண்டாயிரம் பார்சல். தலைமை அலுவலகத்துக்கு நான் ஒரு பேர் கொடுத்தாகணும்."

அண்ணி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் விரல்கள் பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தன.

"டிஸ்க்கோட வரல" என்றேன். "தாய் டிஸ்க்குல இருந்து வந்தது. வாங்க, காட்டறேன். நோட்டுலயே பேர் இருக்கும்."

எனக்கு அதில் துளியும் சந்தேகம் இல்லை. தாய் டிஸ்க்கோடு ஒரு நோட்டு உண்டு. அதில் கை வைக்கிறவன் என்ன மாற்றினான், ஏன் மாற்றினான் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் படித்துப் பார்த்து இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும். நான்கு வருடமாக அதில் எழுதுகிறவர்களில் நானும் ஒருவன். மற்றவர்கள் "சிறு மாற்றம்" என்று எழுதிவிட்டுப் போவார்கள். தேதி, காரணம், அடுத்து செய்ய வேண்டியது என்று முழுசாக எழுதுகிறவன் நான் ஒருவன்தான். அதில் எனக்குக் கர்வம் உண்டு.

பெல்ட்டுகளுக்குப் பின்னால் இருக்கிறது அந்த அறை. ஜன்னல் கிடையாது. ஒரு மேசை, ஒரே சமயத்தில் எட்டு நகல் எடுக்கும் பெட்டி, இரும்பு அலமாரி, அழைப்பு மணிக்கு ஒரு பொத்தான். கடிகாரம் தன் சாவியால் திறந்தார். அண்ணியும் அக்காவும் வாசலிலேயே நின்றார்கள். டை கட்டியவரும் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தார். எங்கே போனாலும் அந்தக் காகிதம் கையெழுத்தாகிறதா என்பதில்தான் அவருக்குக் கண்.

நோட்டை நான் எடுத்தேன். பின்னாலிருந்து புரட்டினேன். சிறு மாற்றம். சிறு மாற்றம். பகல் ஷிஃப்ட்காரன் கையெழுத்து. லேபிள் அகலம். சிறு மாற்றம். ஒரு வருடம் தாண்டினேன். இரண்டு வருடம் தாண்டினேன். இடது பக்கத்தில் நீல மையில், நெருக்கமாக, நேராக, ஒரு பத்தி.

அந்தக் கையெழுத்தை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன்.

மூன்று வருடத்துக்கு முன் பத்து டிஸ்க் சோதனைக்கு வந்தது நினைவுக்கு வந்தது. திரை நீலமாகி நின்றதும் நினைவுக்கு வந்தது. அந்தப் பத்தையும் திருப்பி அனுப்பினோம் என்பதுவரை எனக்குத் தெரியும். அதற்கு நடுவில் நான் செய்ததைத்தான் துடைத்தாற்போல மறந்திருந்தேன். அப்போதிருந்த மற்ற டிஸ்க்குகளுக்குச் சொந்த மெமரி இருந்தது, இரவல் தேவையில்லை. அதனால் பூஜ்யம் யாரையும் கடிக்கவில்லை. மூன்று வருடம் அது அலமாரிக்குள் சும்மா உட்கார்ந்திருந்தது.

பக்கத்தைத் திருப்பிவிட்டிருக்கலாம். கடிகாரம் வாசலில் மணி பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டில் ஒன்றுமில்லை, டிஸ்க் கம்பெனிக்காரன் தப்பு என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். ஆனால் அந்தக் கதையில் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அண்ணி. இதையெல்லாம் யோசிக்க எனக்கு நான்கு நொடி ஆகியிருக்கும். பெல்ட்டில் ஒரு பார்சல் தாண்டிப்போகிற நேரம்.

"படிக்கிறேன்" என்றேன். "'சோதனைக்கு வந்த பத்து டிஸ்க்குகளும் கணினியின் மெமரியை இரவல் கேட்டதும் திரை நின்றுபோகிறது. ஆகவே இரவல் கொடுப்பதை நிறுத்தியிருக்கிறேன். இந்த டிஸ்க்குகள் திரும்பப் போனதும் மறுபடி இயக்க வேண்டும்.' என் கையெழுத்து."

நகல் பெட்டியின் காற்றாடி மட்டும் உள்ளே எங்கோ சுற்றிக்கொண்டிருந்தது.

"மறுபடி இயக்க வேண்டும்" என்று அண்ணி மெதுவாகச் சொன்னார். படிப்பை மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டு நான் வீட்டுக்கு வந்து நின்றபோது ஏன் என்று அண்ணன் கேட்டான், அண்ணி கேட்கவில்லை. அப்போது கேட்காததையும் சேர்த்து இப்போது கேட்டதுபோல இருந்தது.

"இயக்கல" என்றேன். "மறந்துட்டேன். தப்பு என்னோடது. டிஸ்க்கும் சரி, மேடம் வாங்கினதும் சரி. பேர் வேணும்னா என் பேரைக் கொடுங்க சார். எழுத்து என்னோடதுதான், மறுக்கவும் முடியாது."

கடிகாரம் உள்ளே வந்தார். "இத்தனை பெரிய தப்பைப் பண்ணிட்டு, காலையிலேர்ந்து எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்துட்டிருக்கே. கொடு அதை." நோட்டை என் கையிலிருந்து பிடுங்கினார். மூக்கருகே கொண்டுபோய் வாசித்தார். வாசித்துக்கொண்டே போன கண் கீழே வந்ததும் நின்றது.

என் கையெழுத்துக்குக் கீழே, படித்துப் பார்த்தவர் என்ற இடத்தில் இன்னொரு கையெழுத்து இருந்தது. நீளமாக ஒரு கோடு, அதன்மேல் இரண்டு புள்ளி. கண்ணாடி அறை மேசைமேல் இருந்த காகிதத்தில் கடிகாரம் போட்டிருந்ததும் அதே கோடு, அதே இரண்டு புள்ளி. நான் அதையும் பார்த்திருந்தேன். படித்துக் காட்டத்தான் இல்லை. என் பங்கை நான் சொன்னேன், அவர் பங்கை அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பிறகு மிஷின் அக்கா பார்த்தார்.

"தம்பி, யாரோ ஒரு முட்டாள்னு சொன்னியே" என்றார் அக்கா. "எண்ணிக்கையில தப்பு பண்ணிட்டே."

கடிகாரம் அவரை முறைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் அக்கா நான்கு மேலாளர்களைப் பார்த்தவர். முறைப்பு அவர்மேல் லேபிள் போலக்கூட ஒட்டவில்லை.

"அன்னைக்கு எனக்கு வேற அவசரம்" என்றார் கடிகாரம்.

"இருக்கும் சார்" என்றார் அண்ணி. குரலில் ஒரு சுருக்கம் இல்லை. "தலைமை அலுவலகத்துக்குப் பேர் கொடுக்கணும்னு சொன்னீங்க. எந்தப் பேரைக் கொடுக்கறது? ரெண்டு இருக்கு. நான் வேணா தட்டச்சு பண்ணித் தரேன்."

கடிகாரம் மணிக்கட்டைப் பார்த்தார். இந்தமுறை நேரம் பார்ப்பதற்காக இல்லை என்று எனக்குத் தோன்றியது. பிறகு வெளியே போனார். கண்ணாடி அறைக்குப் போகும் இரும்புப் படிகளில் அவர் ஏறும் சத்தம் கேட்டது, இறங்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது காகிதம் நான்காக மடிந்து சட்டைப் பைக்குள் பாதி தெரிந்தது.

"அமைப்புக் கோளாறு, கண்டுபிடிச்சுச் சரிசெய்தாச்சுன்னு எழுதிடறேன்" என்றார். "டிஸ்க் எதுவும் திரும்பிப் போகல. மேடம் அவங்க இடத்துல இருக்கட்டும்."

"எழுத்துல கொடுங்க சார்" என்றார் அண்ணி. "ஒன்பது மணிக்குள்ள. தேதி போட்டு."

அவர் தலையாட்டினார். டை கட்டியவர் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு, வழி தெரியுமா என்று யாரும் கேட்காமலேயே போனார்.

"நீ" என்று என் பக்கம் திரும்பினார் கடிகாரம். "மதியம் லாரி வர்றதுக்குள்ள நாற்பத்தெட்டும் மாறியிருக்கணும். இந்த அறை சாவி, அலமாரி சாவி ரெண்டும் இனிமே மேடம்கிட்ட. அவங்க படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் எதுவும்."

கணக்குப் போட்டேன். எட்டு எட்டாக ஆறு தடவை. ஒரு தடவைக்கு நாற்பது நிமிடம். நான்கு மணி நேரம். ஒன்பதுக்கு ஆரம்பித்தால் ஒன்றுக்கு முடியும். முடித்துவிடுவேன்.

மிஷின் அக்கா போகாமல் நின்று, மேசை மேசையாகப் போய் டிஸ்க்குகளைக் கழற்றித் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைத்தார். மேசை எண்ணை ஒவ்வொன்றிலும் லேபிளாக அடித்து ஒட்டியிருந்தார். "நாளைக்கு என் மேசையில மட்டும் நின்னுச்சோ, உன்னைக் கூண்டுல போட்டுடுவேன். மறுநாள்தான் கிளம்புவே" என்றார். பிறகு காலை நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

தாய் டிஸ்க்கை எடுத்துப் பெட்டியில் செருகினேன். பூஜ்யத்தை அகற்றினேன். நோட்டில் எழுதினேன். தேதி, காரணம், செய்தது. அடுத்து செய்ய வேண்டியது என்ற இடத்தில் பேனா நின்றது. "ஒன்றுமில்லை, இன்றே முடிகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அண்ணி நோட்டை வாங்கினார். ஒருமுறை படித்தார். அப்புறம் விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக இன்னொருமுறை படித்தார். "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று ஓரிடத்தைக் காட்டிக் கேட்டார். சொன்னேன். "அப்ப அதையே எழுதுங்க" என்றார். அடித்துத் திருத்தி எழுதினேன். அதன் பிறகுதான் அவர் கையெழுத்து விழுந்தது. முழுப் பெயரும், ஓர் எழுத்து விடாமல்.

"மூணு வாரம்" என்றார் நோட்டை மூடியபடி. "சாப்பாட்டு மேசையில எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து, டிஸ்க் மட்டம் அண்ணின்னு சொன்னே."

கிடங்குக்குள் அவர் என்னை "நீ" என்றது அதுதான் முதல் தடவை.

"சொன்னேன்."

"இன்னைக்கு அந்தப் பக்கத்தைத் திருப்பியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது" என்றேன்.

"தூங்கினியா?"

"நேத்து மத்தியானம்."

"முடிச்சிட்டுத் தூங்கு." தன் சாப்பாட்டுப் பையை எடுத்து மேசையின் ஓரத்தில், டிஸ்க் தட்டுகளுக்குப் பக்கத்தில், இருந்த கொஞ்சம் இடத்தில் வைத்தார். "இதுல எனக்கும் பாதி இருக்கு. மொத்தத்தையும் காலி பண்ணிடாதே."

தாய் டிஸ்க் அலமாரிக்கு வெளியே இருக்கும்வரை அறையை வெளியிலிருந்து பூட்டி வைப்பது எங்கள் வழக்கம். கையில் வேறு டிஸ்க்கோடு யாரும் உள்ளே நுழைந்துவிடக் கூடாது. உள்ளே இருக்கிறவன் வேலை முடிந்ததும் மணி அடிக்க வேண்டும். இவ்வளவு நாளும் நாங்கள் அதைச் சும்மா சாத்தித்தான் வைப்போம்.

"பூட்டவா போறீங்க?" என்றேன்.

"நோட்டுல அப்படித்தானே போட்டிருக்கு. முதல் பக்கத்துல. நீதான் எழுதியிருக்கே." கதவின் கைப்பிடியில் கை வைத்தார். "நாற்பத்தெட்டு. நாற்பத்தேழு முடிச்சிட்டு மணி அடிச்சா திறக்க மாட்டேன்."

"நாற்பத்தெட்டும் முடியும் அண்ணி."

மேடம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் திருத்தவில்லை. நான் பெட்டியின் பக்கம் திரும்பி முதல் எட்டு டிஸ்க்குகளை வரிசையாகச் செருகினேன். எட்டு பச்சை விளக்குகளும் எரிந்தன. என் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. சாவி இரண்டு சுற்று சுற்றியது.